ஹால் தரை நடுவில் இறங்குகிறது: ஜாக்கி வைப்பதற்கு முன்

கேள்வி: நாங்கள் வாங்கியிருப்பது பழைய மரவீடு. அடியில் கிரால் ஸ்பேஸ், அதாவது தரைக்கும் மண்ணுக்கும் நடுவே தாழ்வான இடம். தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். கோடையில் காற்றோட்டத்துக்காக அதன் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறோம். 14 அடிக்கு 12 அடி ஹாலில் தரை நடுவில் தாழ்ந்திருக்கிறது. என் மகன் கோலியை எங்கே வைத்தாலும் அது நடுவுக்கு உருண்டு வந்து நிற்கிறது. யாராவது வேகமாக நடந்தால் அலமாரியில் கண்ணாடிச் சாமான்கள் கிலுகிலுக்கின்றன. பக்கத்துப் படுக்கையறைக் கதவு மேலே இடிக்கிறது. பாத்ரூம் தரையோ வெளிச்சுவர்ப் பக்கம் சாய்கிறது. ஒரு காண்டிராக்டர், மேலே லெவலிங் கலவை ஊற்றினால் ஒரே நாளில் சமமாகிவிடும் என்கிறார். இன்னொருவர், அடியில் பத்துத் தூண் வைத்தே ஆக வேண்டும் என்கிறார். என் கொழுந்தன், கார் ஜாக்கி இரண்டு இருந்தால் ஞாயிற்றுக்கிழமை நாங்களே தூக்கிவிடலாம் என்கிறான். கணவர் கீழே போய் எடுத்த படங்களையும் அளவுகளையும் அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வது சரி? புதுத் தரைக்கு வாங்கிய மரப்பலகைப் பெட்டிகள் ஹாலில் அடுக்கிக் கிடக்கின்றன. எப்போது போடலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக, அந்தப் பெட்டிகளை ஹால் நடுவிலிருந்து எடுத்துச் சுவரோரமாகப் பிரித்து வையுங்கள். தரை எங்கே தொய்ந்திருக்கிறதோ சரியாக அங்கேயே அத்தனையையும் அடுக்கியிருக்கிறீர்கள். மரத்தின் மேல் சுமை கொஞ்ச நேரம் இருந்தால், எடுத்ததும் நிமிர்ந்துவிடும். மாதக்கணக்கில் இருந்தால் அந்த வளைவு அப்படியே நிலைத்துப்போகும். பழைய வீடுகளில் காணும் தொய்வில் கணிசமான பங்கு இப்படி மெதுவாகச் சேர்ந்ததுதான்.

யார் சொல்வது சரி என்று கேட்டீர்கள். கலவை ஊற்றச் சொன்னவரை இப்போதே ஒதுக்கிவிடலாம். அந்தச் சிமென்ட் கலவை ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,000 கிலோ. உங்கள் ஹால் பரப்பு 15 சதுர மீட்டருக்கு மேல். சராசரியாக 15 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றினாலே 450 கிலோவுக்கு மேல் ஏறும், அதிலும் பெரும்பகுதி நடுப்பள்ளத்தில் போய்த் தேங்கும். ஏற்கெனவே தாங்க முடியாமல் வளைந்த சட்டங்களுக்கு மேல் அரை டன்னை நிரந்தரமாக ஏற்றி வைத்த கதை இது. ஊற்றிய அன்று தரை கண்ணாடி மாதிரி இருக்கும். அப்புறம் சட்டம் இன்னும் வளையும், கலவை விரிசல் விடும். அடித்தாங்கல் உறுதியாக இருக்கும் இடத்தில் சின்ன மேடுபள்ளம் சரிசெய்ய அது நல்ல பொருள்தான். உங்கள் ஹாலுக்கு இல்லை.

மற்ற இருவரும் சொல்வதில் பாதி சரி இருக்கிறது. ஆனால் தரை ஏன் இறங்கியது என்று இருவருமே கேட்கவில்லை. உங்கள் படங்களைப் பார்த்தால் அந்த வீட்டில் இருப்பது ஒரு கோளாறு இல்லை, மூன்று. ஹால், படுக்கையறைக் கதவு, பாத்ரூம் மூன்றுக்கும் வேறு வேறு காரணம். மூன்றையும் ஒரே மருந்தால் தீர்க்கப் போனால் பணம்தான் போகும்.

ஹாலில் தொடங்குவோம். தரையைத் தாங்கும் ஜாயிஸ்டுகள், அதாவது அடிப்பலகைக்குக் கீழே வரிசையாக ஓடும் சட்டங்கள், ஏழேகால் அங்குல ஆழம், ஒன்றரை அங்குலத் தடிமன், 16 அங்குலத்துக்கு ஒன்று என்று உங்கள் கணவர் அளந்திருக்கிறார். ஒரு முனை வெளிப்பக்க அஸ்திவாரச் சுவரில், மறுமுனை வீட்டின் நடு பீமில். இடையில் 14 அடிக்கு வேறு தாங்கல் இல்லை. கட்டடங்களுக்குப் பொதுவாகப் பயன்படும் ஊசியிலை மரங்களில், இந்த அளவுச் சட்டத்தை இந்த இடைவெளியில் போட்டால் 12 அடிக்குச் சற்று மேல் வரைதான் விடலாம் என்று ஐ.ஆர்.சி. என்ற அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பின் அட்டவணைகள் சொல்கின்றன. உங்கள் வீட்டைக் கட்டியவர் ஒன்றரை அடிக்கு மேல் கூடுதலாக இழுத்துவிட்டார்.

ஒன்றரை அடிதானே என்று தோன்றும். ஆனால் பரவலான சுமையில் சட்டம் வளையும் அளவு, தாங்கலுக்குத் தாங்கல் உள்ள தூரத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். பன்னிரண்டரை அடி 14 அடியாகும்போது வளைவு ஒன்றரை மடங்குக்கும் மேல் போய்விடுகிறது. கண்ணாடிச் சாமான் கிலுகிலுப்பதும் இதனால்தான். ஆட்கள் நடமாடும் சுமையில் தரை எவ்வளவு வளையலாம் என்பதற்குப் பரவலாக வைத்திருக்கும் எல்லை, தூரத்தை 360-ஆல் வகுத்தால் வருவது. 14 அடிக்கு அது 12 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சட்டம் உடைவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதிர்வு, விரிசல், கதவு இடிப்பது போன்ற தொல்லைகள் வராமல் இருக்கத்தான் இந்த எல்லை. அதனால் ஹால் நாளைக்கே இடிந்து விழும் என்று பயப்பட வேண்டாம்.

இதே கணக்கு தீர்வையும் காட்டுகிறது. 14 அடிக்கு நடுவில், ஏழாவது அடியில், ஜாயிஸ்டுகளுக்குக் குறுக்கே ஒரு பீம் கொடுத்தால் தூரம் பாதியாகிறது. பாதியின் நான்காம் அடுக்கு பதினாறில் ஒன்று. தரையின் துள்ளல் ஏறக்குறைய காணாமல் போய்விடும். இதற்குப் பதிலாக ஒவ்வொரு ஜாயிஸ்டோடும் அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்துக் கட்டினால், சிஸ்டரிங் என்பார்கள், விறைப்பு இரண்டு மடங்காகும், வளைவு பாதியாகும். வேலையோ பல மடங்கு. 14 அடிச் சட்டத்தைக் கிரால் ஸ்பேஸுக்குள் நுழைப்பதே பெரும்பாடு. குழாயும் வயரும் குறுக்கே ஓடினால் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். எனவே உங்கள் ஹாலுக்கு என் ஓட்டு குறுக்கே போடும் புது பீமுக்குத்தான். ஜாயிஸ்டுகளுக்கு இடையே குறுக்குத் துண்டுகள் அடித்தால் போதும் என்று யாராவது சொல்லக்கூடும். அவை ஒரு சட்டத்தின் மேல் விழும் சுமையைப் பக்கத்துச் சட்டங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும், அவ்வளவே. தொய்ந்ததை நிமிர்த்தாது.

அடுத்தது படுக்கையறைக் கதவு. ஏழாவது படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். வீட்டின் நடு பீமைத் தாங்கும் மரத்தூணின் கீழே ஒரு கான்கிரீட் பிளாக் இருக்கிறது. அது நேராக மண்ணில் உட்கார்ந்திருக்கிறது, படுக்கை வசத்தில், துளைகள் பக்கவாட்டில் தெரிகின்றன. தூணுக்கும் பீமுக்கும் நடுவே நாலைந்து மரச்சில்லுகளைச் செருகி இடைவெளியை அடைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் முன்பே ஒருமுறை தூக்கிப் பார்த்திருக்கிறார் என்பதற்கு அதுவே அடையாளம். அந்தச் சில்லுகள் இப்போது நசுங்கி, ஓரம் பிதுங்கி நிற்கின்றன.

இதில் மூன்று தப்பு இருக்கிறது. துளையுள்ள பிளாக், துளைகள் மேலும் கீழுமாக நிற்கும்போதுதான் முழுச் சுமை தாங்கும். படுக்க வைத்தால் மெல்லிய சுவர் நொறுங்கும். மென்மரச் சில்லு இழைக்குக் குறுக்கே அழுத்தினால் நசுங்கும். அங்கே எஃகுத் தகடு வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு, பிளாக்குக்குக் கீழே ஃபுட்டிங், அதாவது சுமையை மண்ணில் பரப்பும் அகலமான கான்கிரீட் அடித்தளம், இல்லாதது. 8 அங்குலத்துக்கு 16 அங்குலம் உள்ள பிளாக்கின் அடிப்பரப்பு ஒரு சதுர அடிகூட இல்லை. சாதாரணக் களிமண்ணுக்குச் சோதனை செய்யாமல் எடுத்துக்கொள்ளும் தாங்குதிறன் சதுர அடிக்கு 1,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 680 கிலோ. அப்படியானால் அந்த பிளாக் மண்ணில் புதையாமல் ஏற்கக்கூடியது 600 கிலோ. நடு பீமின் தூணுக்கு அதைப்போல இரண்டு மடங்கு சுமை சர்வசாதாரணமாக வரும். மேலே கூரைச் சுமையை இறக்கும் சுவர் இருந்தால் இன்னும் அதிகம். அது வருடக்கணக்கில் மெல்ல அமிழ்ந்திருக்கிறது, மேலே கதவு நிலை கோணியிருக்கிறது. கதவைச் சீவி விடாதீர்கள். சீவினால், தூண் சரியானதும் அதே கதவு மேலே இடைவெளி காட்டும்.

பாத்ரூம்தான் எனக்குக் கவலை தருவது.

தரை நடுவை நோக்கிச் சாய்ந்தால் தூணையும் பீமையும் சந்தேகப்பட வேண்டும். வெளிச்சுவரை நோக்கிச் சாய்ந்தால் அஸ்திவாரத்தையோ, அதன்மேல் படுத்திருக்கும் சில் கட்டையையோ சந்தேகப்பட வேண்டும். உங்கள் படத்தில் அஸ்திவாரச் சுவரில் விரிசல் எதுவும் இல்லை, நல்லது. ஆனால் சில் கட்டை கறுத்திருக்கிறது. கணவர் இன்னொரு முறை கீழே போகும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஆரோக்கியமான மரத்தில் குத்தினால் நுனி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் நின்றுவிடும், நெம்பினால் நீளமான சிலாம்பு பெயரும். மக்கிய மரத்தில் சட்டென்று அரை அங்குலம் இறங்கும், நெம்பினால் சிறுசிறு கட்டமாகப் பொடிந்து வரும். வெளியே பார்க்கக் கெட்டியாக இருக்கும் கட்டை உள்ளே கூடாக இருப்பதும் உண்டு; கைப்பிடியால் தட்டினால் சத்தம் சொல்லிவிடும். ஓர் இடத்தில் குத்தி நிறுத்தாமல், நல்ல மரம் எங்கே தொடங்குகிறதோ அதுவரை அடிக்கு ஒருமுறை குத்திக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு நீளம் மாற்ற வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

அதே படத்தில் சுவரின் மேல் பென்சில் தடிமனுக்கு ஒரு மண்கோடு மேலே ஏறுகிறது. அது கரையான் பாதை. நடுவில் ஓர் அங்குலம் உடைத்துவிட்டுச் சில நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி மூடியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. மூடவில்லை என்றாலும் நிம்மதி அடைய வேண்டாம், வேறு வழியில் ஏறியிருக்கலாம். கரையானுக்கு மருந்து வைக்காமல் புது மரம் போடுவது அதற்கு விருந்து வைப்பதுதான்.

பாத்ரூம் ஜாயிஸ்ட் ஒன்றை பிளம்பர் வெட்டியிருப்பதையும் பார்த்தேன். கழிவுக்குழாய் போக, அடிப்பக்கம் மூன்று அங்குல ஆழத்துக்குக் கொத்தி எடுத்திருக்கிறார். ஏழேகாலில் மூன்று போனால் மிச்சம் நாலேகால். வளைவைத் தாங்கும் வலிமை ஆழத்தின் இரண்டாம் அடுக்கில் குறைவதால், அந்த இடத்தில் சட்டம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. வெட்டின் மூலையிலிருந்து இழையோடு விரிசல் ஓடத் தொடங்கியிருப்பதும் படத்தில் தெரிகிறது. விதிப்படி சட்டத்தின் முனையில் ஆழத்தில் கால் பங்கு வரை வெட்டலாம். மற்ற இடங்களில் ஆறில் ஒரு பங்கு. தூரத்தின் நடு மூன்றில் ஒரு பகுதியில் வெட்டவே கூடாது. துளை என்றால் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போடலாம், ஆனால் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இரண்டு அங்குலமாவது விட வேண்டும். இந்த ஒரு ஜாயிஸ்டுக்குத்தான் உங்கள் வீட்டில் சிஸ்டரிங் தேவை. முதலில் குழாயை நகர்த்தி, சட்டத்தைத் தூக்கி நேராக்கி, பிறகு பக்கத்தில் புதுச் சட்டம் வைத்து, பசை தடவி, போல்ட்டோ கட்டுமான ஸ்க்ரூவோ மேலும் கீழும் மாறிமாறி அடித்து இறுக்க வேண்டும். புதுச் சட்டத்தின் இரண்டு முனையும் தாங்கலில் உட்கார வேண்டும். தொய்ந்த நிலையிலேயே கட்டினால் தொய்வைத்தான் கட்டி வைத்ததாகும்.

சரி, வேலையை எங்கிருந்து தொடங்குவது? என் பதில், கிரால் ஸ்பேஸில் இருந்துகூட இல்லை, வீட்டுக்கு வெளியே இருந்து.

மழை பெய்யும்போது ஒரு சுற்று நடந்து பாருங்கள். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே கொட்டுகிறது? பாத்ரூம் மூலையில், சுவரோரமாகவே கொட்டுகிறது என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. மண் அரித்துக் குழி விழுந்திருக்கிறது. குழாயை நீட்டிச் சுவரை விட்டுத் தள்ளி விடுங்கள். சுவரிலிருந்து முதல் 10 அடிக்கு மண் 6 அங்குலமாவது வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் கொழுந்தன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். ஜாக்கியை விட இதில் அவர் உழைப்புக்குப் பலன் அதிகம்.

அடுத்து கீழே உள்ள மண். வெறும் மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகி இரவு பகல் பாராமல் மேலே மரத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். 0.15 மில்லிமீட்டர் பாலிதீன் ஷீட்டாவது, கனமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, மண் முழுக்க விரியுங்கள். இணைப்புகளில் அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும், டேப் ஒட்ட வேண்டும், ஓரங்களைச் சுவரில் ஏற்றிப் பிடிக்க வேண்டும். துணி உலர்த்தும் மெஷினின் காற்றுக்குழாய் கிரால் ஸ்பேஸுக்குள் திறந்திருந்தால் அதை வெளியே கொண்டுபோய் விடுங்கள். ஈரம் ஊறித் தொங்கும் கண்ணாடி இழைப் பஞ்சைப் பிடுங்கி எறியுங்கள். அது இப்போது குளிரையும் தடுக்கவில்லை, மரத்தைக் காயவும் விடவில்லை.

கோடையில் காற்றோட்டத்துக்காக கிரால் ஸ்பேஸ் ஜன்னல்களைத் திறந்து வைக்கிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்று, 24 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராக இறங்கத் தொடங்கும். உங்கள் கிரால் ஸ்பேஸ் மரமும் குழாயும் அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், காற்றோட்டம் என்ற பெயரில் தண்ணீரைத்தான் உள்ளே விடுகிறீர்கள். ஈரப்பதமான ஊர்களில் ஜன்னல்களை மூடி, ஷீட்டைச் சுவர் வரை ஏற்றி, உள்ளே ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை ஓடவிடுவது இப்போது பரவலாகிவிட்டது. அதற்கு முன் எரிவாயு ஹீட்டர் எதுவும் அந்த இடத்துக் காற்றை நம்பி எரியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரு மாய்ஸ்சர் மீட்டர் வாங்குங்கள், இரண்டு முள் உள்ள சாதாரண வகை போதும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை வளர வழியில்லை. 28 சதவீதத்தைத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். ஷீட் விரித்த பிறகு வாரம் ஒருமுறை, அதே இடங்களில் குத்தி எழுதி வையுங்கள். எண் இறங்கி 20-க்குக் கீழே நின்ற பிறகு மர வேலையைப் பேசலாம். அவசரமாகக் காய வைக்க வேண்டாம், வெடிக்கும்.

இடையில் காத்திருக்கும் நாட்களில் தரையை அளந்து ஒரு படம் போட்டு வைக்கலாம். லேசர் இல்லாவிட்டால் டியூப் லெவல் போதும். ஒரு நீளமான தெளிந்த குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஹாலின் உயரமான மூலையில் கட்டி, மறுமுனையை இரண்டு அடிக்கு ஒரு புள்ளியாக நகர்த்தி அளவெடுங்கள். குழாயில் காற்றுக் குமிழ் இருந்தால் அளவு பொய் சொல்லும். ஒவ்வொரு அறைக்கும் இப்படி எண்களை ஒரு தாளில் எழுதினால், தரையின் பள்ளம் எந்தத் திசையில், எந்தத் தூணை நோக்கிப் போகிறது என்று பளிச்சென்று தெரியும். பின்னால் தூக்கும்போது எவ்வளவு ஏறியது என்று சரிபார்க்கவும் இந்தத் தாள்தான் கணக்கு.

இனி தூண்கள். பத்துத் தூண் சொன்னவரிடம் பேசுங்கள், ஆனால் பத்து எதற்கு என்று கேளுங்கள். ஹாலின் புது பீமுக்கு 6 அடிக்கு ஒன்று என்றால் 12 அடி அகலத்துக்கு மூன்று தூண் போதும். நடுத்தூண் மேல் வரும் சுமை, கூரைச் சுமை சேராமல், ஏறத்தாழ 1,200 கிலோ. அதற்குக் களிமண்ணில் 16 அங்குலச் சதுர ஃபுட்டிங் போதும் என்று கணக்கு வரும். 24 அங்குலச் சதுரமும் ஓர் அடி கனமும் வைத்தால் பயமில்லை. கரிய மேல்மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுக் கெட்டியான மண்ணில் ஊற்ற வேண்டும். கான்கிரீட் ஏழு நாளில் தன் வலிமையில் பெரும்பகுதியை எட்டிவிடும். முழு வலிமையை 28 நாள் கணக்கில்தான் பார்ப்பார்கள். ஏழு நாளுக்கு முன் அதன்மேல் ஜாக்கி வைக்க விடாதீர்கள். மரத்தூண் என்றால் கான்கிரீட்டில் நேராக உட்காரக் கூடாது, இடையில் உலோக அடித்தாங்கி வேண்டும். பீமில் இணைப்பு வந்தால் அது தூணுக்கு நேர் மேலே வர வேண்டும், இரண்டு தூணுக்கு நடுவில் அல்ல.

கொழுந்தனின் ஜாக்கிக்கு வருவோம். கார் ஜாக்கி வேண்டாம், அடி குறுகல், சாய்ந்துவிடும். 20 டன் ஹைட்ராலிக் பாட்டில் ஜாக்கி தூக்குவதற்கு நல்லது, தூக்கி வைத்திருப்பதற்கு அல்ல. உள்ளே எண்ணெய் கசிந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். தூக்கியதும் சுமையைத் தூணுக்கோ திருகு ஜாக்கிக்கோ மாற்றிவிட வேண்டும். ஜாக்கியின் தலை இரண்டு சதுர அங்குலம் இருக்குமா? அவ்வளவு சின்ன இடத்தில் 1,200 கிலோ அழுத்தினால் மென்மரத்துக்குள் அது புதைந்து போகும், தரை ஏறியிருக்காது. இடையில் கனமான எஃகுத் தகடு வையுங்கள். ஒற்றை ஜாயிஸ்டுக்குக் கீழே வைத்துத் தூக்காமல், எல்லா ஜாயிஸ்டுக்கும் குறுக்கே போட்ட பீமைத் தூக்க வேண்டும்.

எவ்வளவு வேகம்? ஒரு தடவைக்கு 3 மில்லிமீட்டர், அப்புறம் இரண்டு மூன்று நாளாவது ஓய்வு. உங்கள் ஹாலில் நடுப்பள்ளம் 32 மில்லிமீட்டர் என்றால் ஒரு மாத வேலை. பல வருடத்தில் இறங்கிய மரத்தை ஒரே பகலில் நிமிர்த்தினால் சுவரில் பூச்சு வெடிக்கும், ஜன்னல் கண்ணாடி தெறிக்கும். அதைவிட மோசம், குழாய் இணைப்பு விலகும். தூக்கத் தொடங்குமுன் எரிவாயுக் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து வையுங்கள். ஒவ்வொரு தடவை தூக்கிய பின்னும் அதன் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். மரம் முனகும், டப்பென்று ஆணி சத்தம் கேட்கும், அது வழக்கம். எதிர்ப்பு திடீரென்று கூடினாலோ, மேலே ஒரு கதவு புதிதாக இறுகினாலோ அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

முழுதாகச் சமமாக வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். 32-இல் 20, 22 மில்லிமீட்டர் திரும்பினால் நான் திருப்தியாக நிறுத்திவிடுவேன். அந்த வீட்டின் சுவரும் கதவும் அலமாரியும் சாய்ந்த தரைக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொண்டவை. கடைசி சில மில்லிமீட்டருக்காக அத்தனையையும் கோணலாக்குவதில் லாபம் இல்லை. மிச்சமுள்ள சின்னப் பள்ளத்தை, அடித்தாங்கல் உறுதியான பிறகு, மேலே பிளைவுட் சீவல்களாலோ, ஏன், முதலில் ஒதுக்கிய அந்தக் கலவையாலோ மெல்லியதாகச் சரிசெய்துகொள்ளலாம்.

இதில் நீங்களே செய்யக்கூடியது தண்ணீர், ஷீட், அளவெடுப்பு மூன்றும். ஹால் பீமின் அளவையும், கதவோரத் தூணின் மேல் கூரைச் சுமை இறங்குகிறதா என்பதையும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் நேரில் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும். வேலை எடுக்காதவராக, ஆலோசனை மட்டும் தருபவராகப் பாருங்கள். விற்பவர் வாயால் கேட்டால் எப்போதும் தூண் எண்ணிக்கை கூடும். பாத்ரூம் சில் கட்டை மாற்றுவதையும் கையோடு செய்து பழகியவரிடம் விடுங்கள். அதை மூன்று நான்கு அடித் துண்டுகளாக, மேலே உள்ள சுவரைத் தற்காலிகமாகத் தாங்கிப் பிடித்து, ஒன்றை முடித்த பிறகே அடுத்ததை வெட்டி மாற்ற வேண்டும். பல இடங்களில் இதற்கெல்லாம் உள்ளாட்சி அனுமதியும் வேண்டும்.

கீழே போகும் யாரும் தனியாகப் போகக் கூடாது. வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். எலிப் புழுக்கை, பூஞ்சை இருக்கும் என்பதால் என்95 முகமூடி, கையுறை அவசியம். தொங்கும் வயர் தெரிந்தால் மெயினை அணைத்துவிட்டு பேட்டரி விளக்கோடு போகட்டும். பழைய குழாய்களில் வெள்ளையாகச் சுற்றியிருக்கும் உறை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், சோதித்துப் பார்க்கும்வரை தொடாதீர்கள். ஜாக்கி மட்டும் பிடித்திருக்கும் பீமுக்குக் கீழே தலையைக் கொடுக்கவே கூடாது. பக்கத்தில் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஜாக்கி நழுவினாலும் பீம் அதில் உட்காரும்படி வைத்துக்கொண்டே ஏற்ற வேண்டும்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. கடைசித் தூக்கலுக்குப் பிறகு சில வாரங்கள் தரையைச் சும்மா விடுங்கள். பழைய அளவுத் தாளை எடுத்து மறுபடி அளந்து, எண்கள் நகரவில்லை என்று பாருங்கள். பெட்டிகளைப் பிரித்து, பலகைகளை வீட்டுக் காற்றில் பழக விட்டு, அதே மாய்ஸ்சர் மீட்டரால் அடிப்பலகையையும் புதுப் பலகையையும் குத்திப் பாருங்கள். மூன்று அங்குலத்துக்குக் குறைவான அகலப் பலகை என்றால் இரண்டுக்கும் 4 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. அதைவிட அகலம் என்றால் 2 சதவீதம். அதற்குள் வந்துவிட்டால் போடலாம். ஜாயிஸ்டுகளுக்குக் குறுக்காகப் போடச் சொல்லுங்கள், நெடுக்காக வேண்டாம்.

அன்புடன்.